நிற்கும்போது ஒரு ‘டொம்’, கிளம்பும்போது ஒரு ‘டொம்’

தாராபுரம், காய்கறி லோடு

என்னுடையது 2015 மாடல் டீசல் பிக்கப். செகண்ட் ஹேண்டில் வாங்கி நாலு வருடம் ஆகிறது. மீட்டரில் 1,80,000 கி.மீ. தாண்டிவிட்டது. வாரத்தில் ஐந்து நாள் தோட்டத்துக் காயை ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட் போய்வரும். ஆறு மாதமாக அதில் ஒரு சத்தம். சிக்னலில் மெதுவாக வந்து நிற்கிறேன். வண்டி நின்று, ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து, பின்னாலிருந்து யாரோ எட்டி உதைத்தது போல ‘டொம்’. மறுபடி முதல் கியர் போட்டு கிளட்சை விட்டால் இன்னொரு ‘டொம்’. ஓடிக்கொண்டிருக்கும்போது ஒன்றும் இல்லை.

ஒருநாள் கூட வந்த மாமனார், “மாப்பிள்ளை, பின்னாடி சரக்கு உருளுது, இறங்கிக் கயிறைப் பாருங்க” என்றார். 14 கிலோ தக்காளிப் பெட்டி 100 அடுக்கிக் கயிறு போட்டால் ஈ நுழைய இடம் இருக்காது. இருந்தாலும் இறங்கிப் பார்த்தேன், அவருக்காக.

முதல் மெக்கானிக் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு “கிராஸ் போச்சு” என்றார். என் வண்டியில் கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுற்றைக் கொண்டுபோகும் ஷாஃப்ட் இரண்டு துண்டு, அதைக் கோணத்திலும் சுற்றவிடும் மூட்டான கிராஸ் மூன்று. அதில் இரண்டை மாற்றினார். சத்தம் அப்படியே இருந்தது. கூடவே, லோடோடு 20, 30 கி.மீ. வேகத்தில் இழுக்கும்போது சீட்டுக்கு அடியில் புதிதாக ஒரு நடுக்கம். இரண்டாமவர் ஷாஃப்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங்கை மாற்றினார். நடுக்கம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. காசு கொடுத்த அன்றைக்கு எல்லாமே குறைந்த மாதிரிதான் இருக்கும். மூன்றாமவர் பின் ஆக்சில் ஹவுசிங்கைத் திறந்து, ஷாஃப்டின் சுற்றைச் சக்கரங்களுக்குத் திருப்பிவிடும் பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியன் செட்டே மாற்ற வேண்டும் என்கிறார். அவர் சொன்ன தொகையைக் கேட்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். இந்த மாதிரிச் சத்தம் உங்கள் வண்டியில் வந்திருந்தால், கடைசியில் எதில் பிடித்தீர்கள் என்று சொல்லுங்கள், புண்ணியமாகப் போகும்.

மேட்டுப்பாளையம், கேரட் லோடு

எனக்கு ஊட்டியிலிருந்து கேரட் இறக்கும் வண்டி. சத்தம் ‘டொம்’ இல்லை, ‘டங்’. இரும்பும் இரும்பும் மோதுகிற மாதிரி. ஷாஃப்டை ஆட்டிப் பார்த்தோம், கிராஸைப் பார்த்தோம், எல்லாம் கெட்டியாக இருந்தது. ஒருநாள் குன்னூருக்குக் கீழே டீ குடித்தபடி வண்டியைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டு நின்றேன். இடது பின் டயர் மட்கார்டு வளைவுக்கு நடுவில் இல்லை என்று பட்டது. டயருக்கு முன்னால் நாலு விரல் நுழைந்தது, பின்னால் மூன்றுதான் நுழைந்தது. வலது பக்கம் போய்ப் பார்த்தால் இரண்டும் சமம். அதாவது ஆக்சில் ஒரு பக்கம் மட்டும் பின்னால் நகர்ந்திருக்கிறது.

ஸ்பிரிங் பட்டறையில் கழற்றிப் பார்த்தால் ஸ்பிரிங் பட்டைகளைக் கோத்திருக்கும் சென்டர் போல்ட் இரண்டு துண்டு. பட்டையை ஆக்சிலோடு சேர்த்துக் கட்டும் யூ போல்ட் தளர்ந்தால் அது பிடிக்க வேண்டிய பிடி எல்லாம் அந்தச் சின்ன போல்ட் மேல் வந்துவிடும். எத்தனை நாள் தாங்கும்? அது வெட்டுப்பட்ட பிறகு, கிளம்பும்போது ஆக்சில் முன்னால் ஒரு தட்டு, பிரேக் பிடித்தால் பின்னால் ஒரு தட்டு. பட்டை உட்காரும் இடத்தில் துரு தேய்ந்து வெள்ளிக்காசு மாதிரி பளபளப்பு. கீழே குனிந்திருந்தால் அது முன்பே கண்ணில் பட்டிருக்கும்.

பழைய யூ போல்ட்டையே முறுக்கிவிடலாம் என்றான் அங்கிருந்த பையன். பட்டறைக்காரர் விடவில்லை. ஒருமுறை நீண்ட போல்ட் மறுபடி பிடித்து நிற்காது என்று புதிது போட்டார். லோடு ஏற்றிய நிலையில் ஒரு முறுக்கு, 500 கி.மீ. ஓடியதும் வரச்சொல்லி இன்னொரு முறுக்கு. இதைச் செய்யாமல் விடுகிறவர்கள்தான் திரும்பத் திரும்ப சென்டர் போல்ட் வாங்குகிறார்கள்.

திண்டுக்கல், தண்ணீர் கேன்

எனக்கும் இரண்டு மாதம் இதே ‘டொம்’. சீட்டுக்குப் பின்னால் கிளிப் கழன்று கிடந்த ஜாக்கி. கிராஸ் மாற்றியாகிவிட்டது, அதை வெளியில் சொல்லவில்லை. முதலில் கேபினைக் காலி பண்ணிவிட்டு ஒரு ரவுண்டு ஓட்டுங்கள்.

சங்ககிரி, லேத் பட்டறை

நான் டிரைவர் இல்லை. லாரி, பிக்கப் என்று எது வந்தாலும் ஷாஃப்டைக் கழற்றி, கிராஸ் போட்டு, பேலன்ஸ் பார்த்துக் கொடுப்பது 22 வருடத் தொழில். தாராபுரத்துக்காரர் எழுதியதில் இரண்டு இடம் எனக்கு உறுத்துகிறது.

ஒன்று, ‘நின்று ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து’ என்கிறார். கிரவுன் பினியனில் இடைவெளி கூடினால் ஆக்சிலேட்டரில் காலை எடுத்துக் கொடுக்கும்போதெல்லாம் ‘டக், டக்’ என்று வரும். ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் கேட்கும். வண்டி நின்றபின் தாமதித்து வருவது அதன் குணம் இல்லை. தாமதம் என்றால், எங்கோ ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டுப் பிறகு விடுபடுகிறது. அப்படி ஒட்டுவதற்கு முதல் இடம் ஸ்லிப் ஜாயிண்ட்.

பிரேக் பிடித்தால் வண்டி மூக்கைத் தாழ்த்தும், பின்பக்கம் எழும்பும், ஹவுசிங்கும் பட்டையோடு சேர்ந்து கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். கியர்பாக்ஸுக்கும் ஹவுசிங்குக்கும் உள்ள தூரம் சில மில்லிமீட்டர் மாறும். அந்த வித்தியாசத்தை விழுங்கத்தான் ஷாஃப்டில் ஒன்றுக்குள் ஒன்று நழுவுகிற பல்வரிசை, அதாவது ஸ்லிப் ஜாயிண்ட், இருக்கிறது. அதில் கிரீஸ் வறண்டுவிட்டால் நழுவ வேண்டிய நேரத்தில் நழுவாது. வண்டி நின்று, பாடி பழையபடி உட்காரும்போது ஒரே குதியில் நழுவும். ஷாஃப்ட் வெற்றுக் குழாய் வேறு. அந்தக் குதி அதற்குள் மத்தளம் மாதிரி பெருகி, சேஸ் வழியாக எங்கெங்கோ போய்க் கேட்கும். அதனால் காதை நம்பி இடத்தைச் சொல்லாதீர்கள். பின்னாலிருந்து வருகிறது என்பார்கள், கழற்றினால் நடுவில் இருக்கும்.

கிளம்பும்போது ஏன் என்றால், ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். இன்ஜின் 200 நியூட்டன் மீட்டர் முறுக்கு கொடுக்கிறது, முதல் கியரில் அது நாலு மடங்காகிறது என்று வைத்தால் ஷாஃப்டில் 800. பல்வரிசை மையத்திலிருந்து 2 செ.மீ. தள்ளி இருந்தால் பற்கள் ஒன்றையொன்று சுமார் 4 டன் விசையில் அழுத்துகின்றன. நல்ல கிரீஸ் இருந்து, உராய்வு பத்தில் ஒரு பங்கு என்றாலும் அதை நழுவவைக்க 400 கிலோ தள்ளு வேண்டும். காய்ந்துகிடந்தால் அதைப்போல் இரண்டு பங்கு. அவ்வளவு தள்ளு சேரும்வரை பிடித்துக்கொண்டு இருந்துவிட்டு, சேர்ந்ததும் விடும். விடும்போது சத்தம் போடாமல் என்ன செய்யும்?

இரண்டாவது, கிராஸ் மாற்றிய பிறகு வந்த நடுக்கம். எனக்கு இதுதான் பெரிய சந்தேகம். கோணத்தில் நிற்கிற ஒரு கிராஸ், உள்ளே வருகிற சீரான சுற்றை அப்படியே வெளியே தராது. ஒரு சுற்றுக்குள் இரண்டு தடவை வேகம் கூட்டி, இரண்டு தடவை குறைத்துத் தரும். அடுத்த கிராஸ் அதற்கு எதிராகக் கூட்டிக் குறைத்து ஈடு கட்டிவிடும். ஆனால் ஷாஃப்டின் இரண்டு முனையிலும் கிராஸைக் கவ்வுகிற கவையான யோக்கும் கம்பெனி வைத்த அதே வரிசையில் நின்றால்தான் இந்த ஈடு நடக்கும். ஷாஃப்டைப் பிரித்து மாட்டும்போது பல்வரிசையில் ஒரு பல் தள்ளி நுழைத்தாலே வரிசை கெட்டது. நடுக்கம் அங்கிருந்து வருகிறதா என்று பாருங்கள். இரண்டு பக்கமும் அம்புக்குறி குத்தியிருக்கும், சேறைத் துடைத்தால் தெரியும். எங்கள் பட்டறையில் ஷாஃப்டைத் தொடுமுன் வெள்ளை பெயிண்டில் ஒரு கோடு இழுத்துவிட்டுத்தான் ஸ்பேனர் எடுப்போம்.

கிராஸ் உண்மையிலேயே போயிருக்கிறதா என்று பார்க்கச் செலவே இல்லை. சமதளத்தில் நாலு சக்கரத்துக்கும் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை எடுத்துவிட்டு அடியில் போங்கள். கிராஸின் ஒரு பக்க யோக்கை ஒரு கையிலும் மறுபக்கத்தை இன்னொரு கையிலும் பிடித்து எதிரெதிராகத் திருகுங்கள். துளி ஆட்டம் இருந்தாலும் கிராஸ் முடிந்தது. கிராஸின் முனைகளை மூடும் கப்பைச் சுற்றிச் செங்கல்பொடி நிறத்தில் தூள் படிந்திருந்தால் திருகிக்கூடப் பார்க்க வேண்டாம். உள்ளே ஊசி பேரிங் கிரீஸ் இல்லாமல் அரைபட்டு வந்த துரு அது. வாரம் ஒருமுறை வாட்டர் சர்வீஸ் விடுகிற வண்டிகளில் இதை அதிகம் பார்க்கிறேன். பீய்ச்சுகிற தண்ணீர் சீலைத் தாண்டி உள்ளே போகிறது. வண்டி மட்டும் மேலே பளபளவென்று இருக்கும்.

ஷார்ஜா, ஏசி கம்பெனி சர்வீஸ் வண்டி

கிரீஸ் என்றதும் ஒரு எச்சரிக்கை சொல்லிவிடுகிறேன். நான் ஓட்டுவது ஆட்டோமேட்டிக், ஃபோர் வீல் பிக்கப். கம்பெனி வண்டி. இங்கே மணல், வெயில் என்பதால் சர்வீஸுக்குப் போனால் கிரீஸ் கன்னை வைத்து அழுத்தோ அழுத்து என்று அழுத்துவார்கள். போன வருடம் ஒரு சர்வீஸ் முடித்து எடுத்துவந்த அன்றிலிருந்துதான் எனக்கு ‘டொம்’ ஆரம்பித்தது. அதற்கு முன் இல்லவே இல்லை.

எங்கள் மலபார்க்கார ஃபோர்மேன் அடியில் படுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். ஸ்லிப் ஜாயிண்டின் உள்ளே வெற்றிடம் முழுக்க கிரீஸ். ஷாஃப்ட் உள்ளே நழுவ வேண்டுமென்றால் அந்த கிரீஸ் எங்காவது போக வேண்டும், போக வழி இல்லை. ஜாக்கிக்குள் எண்ணெய் நின்று தாங்குகிற மாதிரி அது தாங்கி நிற்கிறது. இப்படியே விட்டால் அந்தத் தள்ளு கியர்பாக்ஸ் பக்கமும் பினியன் பேரிங் பக்கமும் போகும் என்றார். கிரீஸ் அடிக்கும் நிப்பிளைக் கழற்றிவிட்டு வண்டியைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்தினோம். பல் விளக்கும் பேஸ்ட் மாதிரி முழநீளத்துக்கு வெளியே வந்தது. சத்தம் அன்றைக்கே முக்கால்வாசி போய்விட்டது.

கிராஸுக்கு வேறு கணக்கு, ஸ்லிப்புக்கு வேறு கணக்கு. கிராஸில் நாலு கப்பின் ஓரத்திலும் புது கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை அடிக்கலாம். ஸ்லிப்புக்கு நான் இரண்டு மூன்று அழுத்தோடு நிறுத்திவிடுவேன்.

மீதி கால்வாசி சத்தம் வேறு. ஆட்டோமேட்டிக் வண்டி நிற்கப் போகிற கடைசி நொடியில் இரண்டாவதிலிருந்து முதல் கியருக்கு இறங்கும். அந்த இறக்கம் சில வண்டியில் முதுகில் தட்டுகிற மாதிரி இருக்கும். நிற்கும் முன்பே நியூட்ரலுக்குத் தள்ளிப் பார்த்தேன், தட்டு இல்லை. கியர்பாக்ஸ் ஆயில் மாற்றியபின் ரொம்பவே குறைந்தது.

வவுனியா, வயல் வேலை

எங்கட பக்கம் இந்த வாகனத்தைக் கெப் என்றுதான் சொல்வது. என்னுடையதில் வந்த சத்தம் உங்கள் ஒருவருடையதையும் போல இல்லை, ஆனால் கராஜில் என்னையும் ஷாஃப்ட் பக்கம்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். காலையில் வளவுக்குள்ளிருந்து ரிவர்ஸில் எடுத்து, ஒழுங்கைக்கு வந்து முன்னால் ஓட்டி முதல் பிரேக் போட்டால் ‘டக்’. பிறகு நாள் முழுக்க ஓடினாலும் இல்லை. திரும்ப ஒருக்கால் ரிவர்ஸ் எடுத்தால், அடுத்த பிரேக்கில் திரும்ப ‘டக்’.

ஆளில்லாத வெளியில், மெதுவாக ஓடிக்கொண்டு ஹேண்ட்பிரேக்கை மட்டும் இழுத்து நிற்பாட்டினேன். சத்தம் இல்லை. ஹேண்ட்பிரேக் பிடிப்பது பின் சக்கரத்தை. அப்படியென்றால் சத்தம் முன்னால்தான். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால், பிரேக் பேட் மாற்றினவர் அதை இறுக்கிப் பிடிக்கிற தகட்டுக் கிளிப்பைத் திரும்பப் போடவில்லை. பேட் ரிவர்ஸில் ஒரு பக்கம் தள்ளுப்பட்டு, முன்னால் ஓடிப் பிரேக் போடும்போது மற்றப் பக்கம் வந்து இடிக்கிறது. கிளிப் வாங்கின காசு, அந்த வாகனத்தில் நான் செலவழித்ததிலேயே ஆகக் குறைந்த காசு.

பெருந்துறை, மாட்டுத்தீவனம்

சங்ககிரி அண்ணா சொன்ன கோடு விஷயம் எனக்கு முன்பே தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தீவன வண்டியை நான்தான் ஓட்டுகிறேன். ‘பொம்பளைப் பிள்ளை ஓட்டினா கிளட்ச் அப்படித்தான் சத்தம் வரும்’ என்று ஒரு பட்டறையில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். கோபத்தில் நானே கண்டுபிடிப்பது என்று இறங்கினேன்.

வீட்டில் திரை கீறிய பழைய போன் ஒன்று கிடந்தது. ஒரு துண்டு ஸ்பாஞ்சை வைத்து, சேஸின் குறுக்குச் சட்டத்தில் இரண்டு கேபிள் டையால் இறுக்கிக் கட்டினேன். கேமரா ஹவுசிங்கைப் பார்த்தபடி. ஸ்லோ மோஷனில் போட்டுவிட்டு ரைஸ் மில் களத்தில் நாலு தடவை கிளம்பி நாலு தடவை நின்றேன். முதல் மூன்று வீடியோவில் தூசிதான். நாலாவதில் தெரிந்தது. கிளட்சை விட்டதும் ஷாஃப்ட் வந்து சேரும் பினியன் ஃபிளாஞ்ச் முதலில் மேலே ஒரு நூல் எழும்புகிறது, அப்புறம்தான் சுற்றுகிறது. சுற்ற வேண்டிய சாமான் எதற்கு எழும்ப வேண்டும்?

வண்டியை நிறுத்தி, கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டினேன். ஆடியது. சுற்றுகிற பக்கமாகக் கொஞ்சம் ஆட்டம் இருக்கலாம், அது பல்லுக்குப் பல் விட்ட இடைவெளி. மேலும் கீழும் ஆடவே கூடாது. மூன்று மாதத்துக்கு முன் அங்கே ஆயில் சீல் மாற்றினார்கள். மாற்றியவர்கள் பினியன் நட்டை அளவு பார்க்காமல், ஸ்பேனரில் பைப்பைக் கோத்து முறுக்கிவிட்டிருக்கிறார்கள். உள்ளே இருக்கும் நசுங்குகிற ஸ்லீவ் அளவுக்கு மேல் நசுங்கி, பேரிங் முதலில் இறுகிச் சூடேறி, பிறகு தேய்ந்து லூஸாகிவிட்டது. இரண்டு பேரிங், புது ஸ்லீவ், புது நட்டு. கிரவுன் பினியனின் பல் இடைவெளியை டயல் கேஜ் வைத்து அளந்து பார்த்தார்கள், 0.18 மி.மீ. காட்டியது, இருக்க வேண்டிய அளவுதான். அதனால் செட் மாற்றவில்லை. தாராபுரம் அண்ணா, டயல் கேஜ் வைக்காமல் கிரவுன் பினியன் போச்சு என்று யார் சொன்னாலும் கழற்ற விடாதீர்கள்.

தாராபுரம், மறுபடியும்

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

முதலில் கேபினைக் காலி செய்தேன். ஜாக்கி, தார்ப்பாய், பிள்ளையின் ஒற்றைச் செருப்பு. சத்தம் போகவில்லை, செருப்பு கிடைத்தது. டயர் இடைவெளியை விரலால் அளந்தேன், இரண்டு பக்கமும் சமம். களத்தில் மெதுவாக உருட்டி நியூட்ரலில் பிரேக் போட்டேன், ‘டொம்’ வந்தது. அப்படியானால் இன்ஜின் இழுப்பால் வருவது இல்லை. ஹேண்ட்பிரேக்கில் மட்டும் நிறுத்தினேன், கொஞ்சம் சன்னமாக வந்தது. முன் பிரேக்கும் இல்லை. பினியன் ஃபிளாஞ்ச் மேலும் கீழும் ஆடவில்லை. கடைசியில் மீதி இருந்தது சங்ககிரிக்காரர் சொன்னதுதான்.

ஷாஃப்டைப் பிரிக்குமுன் ஈரத்துணியால் துடைத்தோம். அம்புக்குறி இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவில்லை. ஒரு பல் தள்ளி நின்றது. முதல் மெக்கானிக் கிராஸ் போட்டு மாட்டும்போது நடந்தது. அதற்குப் பிறகு சென்டர் பேரிங் மாற்றியவர் இருந்ததை இருந்தபடியே மாட்டிவிட்டார். ஸ்லிப்பை இழுத்துப் பிரிக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. உள்ளே கிரீஸ் இல்லை, காபிப்பொடிதான் இருந்தது. பற்களை மண்ணெண்ணெயில் கழுவி, நகத்தை ஓட்டிப் பார்த்தேன். நகம் தடுக்கும் அளவுக்குப் படி விழவில்லை, விழுந்திருந்தால் புதிது போடச் சொல்லியிருப்பார்கள். மாலிப்டினம் கலந்த லித்தியம் கிரீஸை பல்வரிசையில் கையால் தடவி, அம்பைச் சேர்த்து மாட்டினோம். ஷார்ஜாக்காரர் சொன்னதை நினைத்து கன்னில் இரண்டே அழுத்து. மாற்றாமல் விட்ட மூன்றாவது கிராஸில் செங்கல்பொடி இருந்தது. அதையும் மாற்றினேன், அந்தக் கேள்வியும் முடியட்டும் என்று.

நடுக்கம் சுத்தமாகப் போய்விட்டது. நிற்கும்போது வந்த ‘டொம்’ இல்லை. கிளம்பும்போது முழு லோடில் எப்போதாவது ஒரு சின்ன ‘டக்’ கேட்கிறது. சங்ககிரிக்குப் போன் போட்டுக் கேட்டேன். 1,80,000 ஓடிய ஹவுசிங்கில் அது இருக்கத்தான் செய்யும், ஷாஃப்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக் கையால் எவ்வளவு திரும்புகிறது என்று இப்போதே அளந்து எழுதி வையுங்கள், ஒவ்வொரு ஆயில் சர்வீஸிலும் பாருங்கள், கூடினால் வாருங்கள், இல்லாவிட்டால் வராதீர்கள் என்றார். தொழில் பண்ணுகிறவர் ‘வராதீர்கள்’ என்று சொல்லி இப்போதுதான் கேட்கிறேன்.

நேற்றுக் காலை மாமனார் கூட வந்தார். 100 பெட்டி. மார்க்கெட் வாசலில் நிறுத்தினேன். அவர் பின்னால் திரும்பிக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “என்ன மாப்பிள்ளை, கயித்தை இன்னைக்கு நல்லா இறுக்கிக் கட்டிட்டீங்களா?”